பிரிய மறுத்த பொட்டலம்

மறுபடியும் அதே வரி. கறுப்புத் திரையில், பச்சை எழுத்தில், ஒரு புள்ளிகூட மாறாமல்: பொட்டலம் சேதமாகியிருக்கிறது, பிரிக்க முடியாது. அந்தக் கம்ப்யூட்டர் இதை ஆங்கிலத்தில்தான் சொன்னது. ஆனால் மாப்பிள்ளைக்கு அது இதற்குள் எந்த மொழியில் கேட்டாலும் தூக்கத்தில் ஒப்பிக்கும் அளவுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

ஃப்ளாப்பியை வெளியே இழுத்து மேஜையில் போட்டார். போட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. எறிந்தார்.

மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். லிஃப்ட் கெட்டுப்போனால் அது ஒரு நியாயத்தோடு கெட்டுப்போகும். ஒயர் அறுந்திருக்கும், ரிலே கருகியிருக்கும், கதவு இடுக்கில் யாராவது குப்பையைத் தள்ளியிருப்பார்கள். பொறுமையாகத் தேடினால் கையில் சிக்கும். இந்த எழவெடுத்த ஃபைலுக்கு எந்த நியாயமும் கிடையாது. இணையத்தில் நன்றாக இருக்கிறது, லேப்டாப்புக்கு முழுசாக வருகிறது, ஃப்ளாப்பியில் ஏறுகிறது, இந்தப் பழைய மெஷினுக்குள் வந்ததும் செத்துப்போகிறது.

"என்ன மாப்பிள்ளை, ஆச்சா?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்டார் மாமியார்.

"இல்ல அத்தை."

"நான் சரியாத்தானே எறக்கி வெச்சேன்?"

"உங்க மேல ஒண்ணும் தப்பில்ல. சைஸெல்லாம் கரெக்டா இருக்கு. இந்த மெஷின்தான் ஏதோ முரண்டு பிடிக்குது."

"அப்படின்னா நாளைக்கு இன்னொரு தரம் எறக்கி, சரியா வந்திருக்கான்னு பாத்து, ஃப்ளாப்பில போட்டு வெச்சிடறேன். எனக்கென்ன சிரமம்?"

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மாமனார், மடியிலிருந்த எழுதி அழிக்கும் பலகையைத் தூக்கி மாப்பிள்ளையின் மூக்குக்கு நேராகப் பிடித்தார். கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'முடியுமா? முடியாதா?'

"முடியும் மாமா. நாளைக்கு."

மாமனார் பலகையை அழித்துவிட்டு எழுதினார்: 'நேத்தும் இதான் சொன்னீங்க.'

விஷயம் இதுதான். மாமனாருக்குக் குரல் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, அதுவும் லேசுப்பட்ட குரல் இல்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று ஒரு அதட்டல் போட்டால், அந்தக் கோடியில் கோல் கம்பத்துக்குப் பின்னால் பதுங்கியிருப்பவன் எழுந்து நிற்பான். தொண்டையில் வந்த நோய் அதைக் கொண்டுபோய்விட்டது. டாக்டர்கள் குரல்வளையை எடுத்துவிட்டு உயிரை மிச்சம் வைத்தார்கள். அதன் பிறகு ஏதோ ஒரு அலுவலகத்தில் கழித்துக் கட்டிய இந்தக் கம்ப்யூட்டரும், அதோடு இணைத்த ஒரு பேசும் பெட்டியும் வீட்டுக்கு வந்தன. மாமனார் தட்டுவார், பெட்டி பேசும்.

அது ஆங்கிலத்துக்காகச் செய்த பெட்டி. இவர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். அது மூக்கடைத்தவன் பேசுவதுபோல ஒரு தமிழைத் துண்டு துண்டாகத் துப்பும். ழகரம் அதன் வாயில் நுழைந்ததே இல்லை. கல்யாணமான புதிதில், மாமனார் "சாப்பிட்டீங்களா" என்று பெட்டி வழியாகக் கேட்டதற்கு, மாப்பிள்ளை திருதிருவென்று விழித்துவிட்டு "ரெண்டு அண்ணன், ஒரு அக்கா" என்று பதில் சொன்ன கதையை இந்த வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். போகப்போக எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்த மூக்கடைத்த குரல்தான் மாமனாரின் குரல் என்று ஆகிவிட்டது. தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் பேசும், தொலைக்காட்சிச் செய்தியோடும் சண்டை போடும். அவர் காதில் விழாமல் அவருக்கு வீட்டில் 'ரேடியோ' என்று பெயர்.

அந்த ரேடியோதான் இப்போது ஊமையாகிக் கிடந்தது. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் ஒருநாள் காலையில் கரகரவென்று அரைத்துவிட்டு நின்றுபோனது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களை வீட்டுக்குச் சுமந்து வந்து உயிர் கொடுக்கும் பைத்தியம் உண்டு. அதற்காக மனைவியிடம் வாங்காத பேச்சில்லை. அதனால் வேலை இவர் தலையில் விழுந்தது. அவரும் சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டார். செத்த டிஸ்க்கைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மெமரி கார்டைப் பொருத்தி, மெஷினை ஒரே மாலையில் எழுப்பி நிறுத்திவிட்டார். பேசும் மென்பொருள் மட்டும் இல்லை. அது இருந்த பழைய ஃப்ளாப்பியைத் தேடி எடுத்தால், உள்ளே பூஞ்சை பூத்துக் கிடந்தது.

நல்லவேளையாக, பழைய மெஷின் பைத்தியங்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நடத்தும் இணையதளத்தில் அந்த மென்பொருள் ஒரே பொட்டலமாகக் கிடந்தது. அந்தக் காலத்து முறையில் சுருக்கிக் கட்டிய பொட்டலம். இன்றைய லேப்டாப்புக்கு அது என்னவென்றே தெரியாது, பழைய மெஷினில்தான் பிரிக்க வேண்டும். மாப்பிள்ளை அந்தப் பக்கத்தைத் தன் போனில் காட்டி, "மாமாவோட குரல் இதுக்குள்ள இருக்கு அத்தை, எறக்கினா போதும்" என்று அன்றைக்கு ஜம்பமாகச் சொன்னார். அந்த வாயை இப்போது தைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

மாப்பிள்ளை உயிர் கொடுத்த மெஷின்கள் எல்லாம் இணையத்துக்குப் போகாத பழசு. இறக்குவதற்கு ஒரே லேப்டாப்தான் இருந்தது, மாமியாருடையது. மாமியார் ஒரு வக்கீலம்மாவிடம் டைப்பிஸ்ட். வீட்டிலிருந்தே வழக்குக் காகிதங்களை அடித்துக் கொடுப்பார். லேப்டாப் அலுவலகத்துச் சொத்து, உள்ளே ஊரார் வழக்கெல்லாம் இருக்கிறது, வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது வக்கீலம்மாவின் உத்தரவு. மகளே தொட்டதில்லை. மாப்பிள்ளை கேட்பாரா? அதனால் பகலில் மாமியார் இறக்கி, மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த வெளி டிரைவைச் செருகி ஃப்ளாப்பியில் போட்டு, ஒரு தட்டால் மூடி மேஜையில் வைத்திருப்பார். வேலை முடிந்து மாப்பிள்ளை வந்து அதை மெஷினில் செருகுவார். மெஷின் அந்த வரியைச் சொல்லும்.

சரி, கொஞ்ச நாள் மாமனார் எழுதிக் காட்டட்டுமே, குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். மாப்பிள்ளையின் மனைவியும் முதலில் அப்படித்தான் கேட்டாள். ஆனால் மாமனாருக்கு ஒரு அண்ணன் இருந்தார்.

பெரிய மாமாவுக்குப் பார்வை போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வேறு ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். தினமும் சாயங்காலம் இங்கிருந்து போன் போகும். போனைப் பேசும் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். அண்ணனும் தம்பியும் பேச ஆரம்பிப்பார்கள். பேச்சு என்றால் பாதிக்கு மேல் சண்டை. இவர் சொன்னதை அவர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் ஒருநாள் போன் வரத் தாமதமானால் பெரிய மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று அங்கே இருக்கும் நர்ஸ் சொல்வாள்.

இப்போது கண் தெரியாதவருக்குப் பலகையில் எழுதியா காட்டுவது? "மெஷின் ரிப்பேர், அவர் நல்லாத்தான் இருக்கார்" என்று மாமியார் போனில் சொன்னார். பெரிய மாமா இரண்டு மூன்று நாள் நம்பினார். அப்புறம் கேள்வி மாறிவிட்டது.

"இத்தனை நாளா ஒரு மெஷினா ரிப்பேர்? என்கிட்ட எதை மறைக்கறீங்க?"

"மறைக்க என்ன இருக்கு? இதோ பக்கத்துலதான் உக்காந்திருக்கார்."

"அப்ப இருமச் சொல்லு. தும்மச் சொல்லு."

மாமனார், மூச்சு விட டாக்டர்கள் கழுத்தில் போட்ட துளைக்கு நேராகப் போனைப் பிடித்து ஊதினார். மூச்சுக் காற்று புஸ்ஸென்று போனதே தவிர, யாருடைய காற்று என்று அதில் எழுதியா இருக்கும்?

அப்போதுதான் மகள் ஒரு காரியம் செய்தாள். தன் போனில் பேசும் செயலி ஒன்றைப் போட்டு, அப்பா பலகையில் எழுதியதை அதில் அடித்தாள். நல்ல கணீர்க் குரல். செய்தி வாசிக்கிறவர் குரல். "அண்ணா, நான் நன்றாக இருக்கிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்றது.

"யாருப்பா நீ?" என்றார் பெரிய மாமா. "எவ்வளவு குடுத்தாங்க உனக்கு? என் தம்பி போயிட்டான்னு சொல்லிட்டுப் போங்களேன். ஆள் வெச்சு வேஷம் கட்டறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

போன் அறுந்தது. மாமனார் அந்தப் போனை மகள் கையிலிருந்து வாங்கிச் சோபாவில் வீசினார். அன்றிலிருந்து செயலி என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை அதனால்தான் தினமும் ஓடி ஓடி வந்தார். அங்கே ஒரு மனுஷர், உயிரோடு இருக்கிற தம்பிக்காகத் துக்கம் அனுஷ்டித்துக்கொண்டிருக்கிறார். இங்கே ஒரு ஃபைல் பிரிய மாட்டேன் என்கிறது.

அவர் என்னதான் செய்யவில்லை? ஃப்ளாப்பி மேல் சந்தேகப்பட்டு, உறை பிரிக்காத புது ஃப்ளாப்பி எங்கெங்கோ அலைந்து வாங்கினார். அதே வரி. டிரைவின் தலையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தார். அதே வரி. உள்ளே ஓடும் பட்டைக் கேபிளை மாற்றினார், மெமரி சில்லுகளைக் கழற்றி ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார், பொட்டலம் பிரிக்கும் நிரலையே மாற்றி வேறொன்று போட்டார். வேறு நிரல் அதே விஷயத்தை வேறு வார்த்தையில் சொன்னது, அவ்வளவுதான் மாற்றம். தன் வீட்டு மெஷினிலிருந்து வேறு ஃபைல்களை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து பார்த்தால் சமர்த்தாகத் திறக்கின்றன. இந்த ஒன்று மட்டும் தண்ணி காட்டுகிறது.

இந்தப் பொட்டலங்களைக் கட்டும்போதே, உள்ளே இருப்பதையெல்லாம் கூட்டி ஒரு எண்ணையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். பிரிக்கும்போது மறுபடி கூட்டினால் அதே எண் வர வேண்டும். வராவிட்டால் வழியில் எங்கோ எதுவோ மாறிவிட்டது என்று அர்த்தம். எங்கே மாறியது என்பதைத்தான் அந்தப் புண்ணியவான் எண் சொல்லாது. மாப்பிள்ளை கடைசியில் இணையதளக்காரருக்கே மின்னஞ்சல் போட்டார். உங்கள் ஃபைலே கெட்டிருக்கிறதா, தயவுசெய்து பாருங்கள் என்று பணிவாகக் கேட்டார். மறுநாளே பதில் வந்தது. இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் பக்கம்தான், வணக்கம்.

"வணக்கமாம், வணக்கம்!" என்று மனைவியிடம் பொருமினார். "என் பக்கம் என்ன கோளாறு இருக்கு? எல்லாத்தையும் மாத்தியாச்சு. இனிமே மாத்தறதுக்கு நான்தான் பாக்கி."

"ஏங்க, உங்களால முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க," என்றாள் மனைவி. "தெனம் போயி அப்பாவுக்கு ஆசை காட்டிட்டு வர்றீங்க. அவர் மூஞ்சிய நீங்க பாக்கறீங்களா? ஸ்க்ரூவத்தான் பாக்கறீங்க."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது நிஜம். மறுநாள் போனபோது முகத்தைப் பார்த்தார். மாமனார் கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். பலகை தலைமாட்டில் கிடந்தது. அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

"காலையிலேர்ந்து ஒண்ணுமே எழுதல மாப்பிள்ளை," என்றார் மாமியார். "நர்ஸ் போன் பண்ணிச்சு. இனிமே சாயங்காலத்துல போன் வந்தா தன்னைக் கூப்பிட வேணாம்னு இவரோட அண்ணன் சொல்லிட்டாராம். வேளாவேளைக்குச் சாப்பிடறதும் இல்லையாம். இவர்கிட்ட நான் சொல்லாம இருந்திருக்கணும். சொல்லித் தொலைச்சுட்டேன்."

மாப்பிள்ளை அன்றும் ஃப்ளாப்பியைச் செருகினார். அன்றும் அதே வரி வந்தது. மெஷினை ஒரு உதை விடலாமா என்று காலைக்கூடத் தூக்கினார். உதைத்தால் இன்னும் ஒன்றை ரிப்பேர் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் இறக்கிக்கொண்டார்.

அடுத்த நாள் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பார்க்கப் போனவருக்கு, சாவி வைத்திருக்கிற காவலாளி வரவில்லை என்று மதியமே வேலை இல்லாமல் போயிற்று. கட்டடம் மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. சரி, ஃப்ளாப்பி தயாராக இருந்தால் பார்த்துவிடலாம் என்று போனார். கதவு திறந்துதான் இருந்தது. மாமியார் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு. திரையில் பொட்டலம் அப்போதுதான் இறங்கி முடித்திருந்தது.

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிட வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

மாமியார் அந்த ஃபைலின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். இது என்னவென்று எனக்குத் தெரியாது, எதில் திறக்கட்டும் என்று லேப்டாப் கேட்டது. மாமியார் யோசிக்கவே இல்லை. தினமும் செய்து பழகின கை நேராக, குறிப்புகள் அடிக்கிற அந்தச் சாதாரண எடிட்டரைத் தொட்டது. திரை நிறைய குப்பை கொட்டியது. கட்டங்கள், கொக்கிகள், பாதி எழுத்துகள், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத புள்ளிகள். மாமியார் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, திரைக்குக் கிட்டே குனிந்து, அந்தக் குப்பையை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு இடது கை தானாகப் போய்ச் சேமிக்கும் விசைகளை அழுத்தியது. மூடினார். ஃப்ளாப்பியில் போட ஆரம்பித்தார்.

"அத்தை!"

மாமியார் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். "வாங்க மாப்பிள்ளை. என்ன இந்த நேரத்துல?"

"இப்ப என்ன பண்ணீங்க?"

"எறக்கினேன்."

"அப்புறம்?"

"சரியா வந்திருக்கான்னு திறந்து பாத்தேன். சேவ் பண்ணேன். ஏன்?"

"தெனமுமா?"

"தெனமும்தான். பாக்காம உங்க கையில எப்படிக் குடுக்கறது? சொன்னேனே உங்ககிட்ட. சேவ் பண்ணாம எதையும் மூட எனக்குக் கை வராது. ஒரு தரம் கரெண்ட் போயி ஒரு நாள் பூரா அடிச்ச கேஸ் காகிதம் காணாமப் போச்சு, அதுலேர்ந்து இப்படித்தான்."

மாப்பிள்ளைக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்த எடிட்டர் எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டது. பொட்டலத்துக்குள் இருப்பது எழுத்து இல்லை. அதில் ஆயிரக்கணக்கான வெறும் பூஜ்யங்கள் இருக்கும். எடிட்டருக்கு அதைப் பார்த்தால் என்னவென்று தெரியாது. பூஜ்யம் வந்த இடத்திலெல்லாம், இரண்டு சொல்லுக்கு நடுவே விடுகிற இடைவெளியைப் போட்டுச் சேமித்துவிடும். ஒன்றுக்கு ஒன்று மாற்றுவதால் அளவு கொஞ்சமும் கூடாது, குறையாது. சைஸ் கரெக்டா இருக்கு, சைஸ் கரெக்டா இருக்கு என்று இவர் தினமும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்த சைஸ்!

மாமியாரிடம் குரலை உயர்த்துகிற மாப்பிள்ளை என்ற பெயர் ஒருதரம் வந்தால் ஆயுசுக்கும் போகாது. மாப்பிள்ளைக்கு அது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை.

"இது லெட்டர் இல்ல அத்தை, திறந்து படிக்கறதுக்கு!" வீடே அதிர்ந்தது. "நான் கேபிளை மாத்தினேன், மெமரியத் தேச்சேன், முன்ன பின்ன தெரியாத ஒருத்தன்கிட்ட மெயில் போட்டுத் திட்டு வாங்கினேன்! நீங்க தெனம் அதைத் திறந்து, கெடுத்து, பத்திரமா சேவ் பண்ணிக் குடுத்திருக்கீங்க! ஏன் அத்தை திறந்தீங்க? அதுல படிக்க என்ன இருக்கு?"

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. மாமனார் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மாமியார் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"நீங்கதான் சொன்னீங்க," என்றார். "மாமாவோட குரல் இதுக்குள்ள இருக்குன்னு. ஒரு வரியாவது அவர் பேசற மாதிரி தெரியுதான்னு பாத்தேன். ஒரு நாளும் தெரியல. கட்டம் கட்டமாத்தான் இருந்துச்சு. நாளைக்காவது தெரியுமான்னு தெனம் பாத்தேன் மாப்பிள்ளை."

மாப்பிள்ளைக்குக் கோபம் போகவில்லை, பொய் எதற்கு? இத்தனை நாள் பட்டபாடு அவ்வளவு சீக்கிரம் ஆறுமா? ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைப் போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"சத்தம் போட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க அத்தை."

"அதெல்லாம் விடுங்க. இப்ப என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"புதுசா எறக்குங்க. எறக்கினதும் ரெண்டு கையையும் மடியில வெச்சுக்குங்க."

மாமியார் அப்படியே செய்தார். ஃபைல் இறங்கி முடித்ததும், "இப்ப தொடலாமா?" என்று கேட்டார். "ஃப்ளாப்பிக்கு இழுத்து விடுங்க. அதோட சரி" என்றார் மாப்பிள்ளை. மாமியாரின் இடது கை மடியில் துறுதுறுவென்று நெளிந்ததை அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

மெஷின் ஃப்ளாப்பியைக் கரகரவென்று படித்தது. மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு வரி வந்தது. சரி, என்றது. அடுத்த வரி, சரி. அதற்கடுத்தது, சரி. திரை நிறைந்து மேலே ஓடியது. மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார்.

"பிரிஞ்சிடுச்சு! மாமா, பிரிஞ்சிடுச்சு! வாங்க, உக்காருங்க!"

மாமனார் வந்து உட்கார்ந்தார். ஏதோ தட்டினார். பெட்டி ஒருதரம் கனைத்துக்கொண்டு பேசியது. கீச்சென்று ஒல்லியாக, இழுத்து இழுத்து, யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல ஒரு குரல்.

"இது. நான். இல்லை," என்றது.

மாப்பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மென்பொருள் வந்துவிட்டது, மென்பொருளில் மாமனார் இத்தனை வருஷமாகத் திருகித் திருகி வைத்திருந்த சுதி, வேகம், கனம் எல்லாம் எங்கே வரும்? அதெல்லாம் செத்துப்போன டிஸ்க்கோடு போய்விட்டது.

"செட்டிங்கு போயிடுச்சு மாமா. அதைக் கையாலதான் சரி பண்ணணும். எந்த நம்பர் வெச்சிருந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

மாமனார் அவரை முறைத்த முறைப்பில், அந்த நம்பர் யாருக்கும் ஞாபகம் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

"ரெண்டு நாள் குடுங்க. நம்பரைத் தேடிப் பிடிச்சு..."

"ரெண்டு நாளும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றார் மாமியார். அவர் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தார். "நர்ஸம்மா, அவர்கிட்ட போனைக் குடும்மா. வேணாம்னு சொன்னாலும் காதுல வெச்சுடு."

மாமனார் கையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம். இந்தக் குரலில் பேசி இன்னொருதரம் வேஷக்காரன் பட்டம் வாங்க அவர் தயாராக இல்லை. மாமியார் அதைக் கண்டுகொள்ளாமல் ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"யாரு?" பெரிய மாமாவின் குரல் நைந்துபோயிருந்தது. "என்னைக் கூப்பிட வேணாம்னுதானே சொன்னேன்?"

"நான்தான் பேசறேன். மெஷின் சரியாயிடுச்சு. இதோ உங்க தம்பி."

"இன்னிக்கு யாரைப் பிடிச்சுட்டு வந்திருக்கீங்க? போனதரம் வந்தவனா, புது ஆளா? எனக்குக் கண்ணுதான் இல்ல. மூளையும் இல்லன்னு நெனச்சுட்டீங்களா?"

மாமனாரின் முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கிவைத்தது எல்லாம் விரலுக்கு இறங்கியது. இரண்டே விரலால், மேஜை ஆடுகிற மாதிரி, கீபோர்டைக் குத்த ஆரம்பித்தார். பழைய இரும்புக் கீபோர்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் டக்கென்று ஒரு அடி, இடைவெளிக்குத் தடாலென்று ஒரு இடி. எழுத்து தப்பினால் கோபமாக மூன்று தட்டில் அழித்துத் திரும்ப ஒரு குத்து. பெட்டி இன்னும் வாயைத் திறக்கவில்லை. வாக்கியம் முடிந்து அனுப்பினால்தான் அது பேசும், இவரோ வாக்கியத்தை முடிக்கிற வழியாக இல்லை.

மறுமுனையில் திட்டு நின்றுபோயிருந்தது.

"டேய்," என்றார் பெரிய மாமா.

மாமனாரின் விரல் அந்தரத்தில் நின்றது.

"நிறுத்தாதடா. தட்டு." குரல் உடைந்துவிட்டது. "நீ கோவத்துல தட்டினா இப்படித்தான். தட்டிட்டு, அழிச்சுட்டு, திரும்பத் தட்டுவ. எனக்குத் தெரியாதா? தெனம் உன் பெட்டி பேசறதுக்கு முன்னாடி இதைத்தானே கேட்டுட்டு உக்காந்திருப்பேன். எங்கடா போன இத்தனை நாளா?"

மாமியார் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு தட்டினார், நிற்காமல் தட்டினார், என்ன எழுத்து விழுகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை அந்தக் கீபோர்டைப் பார்த்தார். டிஸ்க் செத்த அன்றும் அது இங்கேயேதான் இருந்தது. செயலி பேசிய அன்றும் இங்கேயேதான் இருந்தது. போனை அதன் பக்கத்தில் வைத்து, வெறுமனே நாலு தட்டுத் தட்டச் சொல்லியிருந்தால் போதும். மென்பொருள் வேண்டாம், ஃப்ளாப்பி வேண்டாம், பஞ்சும் ஸ்பிரிட்டும் வேண்டாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நன்றாகவே அடித்துக்கொண்டார்.

ஒருவழியாக மாமனார் வாக்கியத்தை முடித்து அனுப்பினார். "அண்ணா. ஒழுங்கா. சாப்பிடு," என்று கீச்சிட்டது பெட்டி.

"என்னடா குரல் இது? ஜலதோஷமா?"

டக், டக், டக். "இல்லை. மாப்பிள்ளை. ரிப்பேர். பண்ணார்."

"அதானே பாத்தேன். அவரை அங்கயே உக்கார வெச்சு ஒழுங்காச் சரி பண்ணச் சொல்லு." பெரிய மாமா மூக்கை உறிஞ்சினார். "அதுவரைக்கும் நீ பேச வேணாம். சும்மா தட்டிட்டே இரு, நான் கேட்டுட்டு இருக்கேன்."